கூடையும் கொஞ்சம் ஆங்கிலமும்

கிண்ணியாத் துறையில் பாதைக்காகக் காத்திருந்த காலம் 2009இல் பாலம் திறந்ததோடு முடிந்தது. இப்போது பஸ் ஏறினால் திருகோணமலைதான். வழியில் சீனன்குடா, கப்பலில் வரும் கோதுமை அங்குள்ள பிரிமா ஆலையில் மாவாகிறது.

எங்கள் வீட்டில் கடைக்குப் போனவர் என் கணவர். யுத்தத்தில் அவரை இழந்தபின் கூடை என் கைக்கு வந்தது. ஊர்க் கடையில், "தம்பி, ஒரு கிலோ மா தாங்க" என்றால் போதும். நகரத்துப் பெரிய கடையில் நாமே தேடி எடுக்கவேண்டும். நான் போன கடையில் பலகைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன.

மகளின் பழைய கொப்பியில் எழுதிப் படித்தேன். ரைஸ் அரிசி, சுகர் சீனி, சால்ட் உப்பு, சோப் சவர்க்காரம். மாவுக்கும் பூவுக்கும் 'ஃபிளவர்' என்று ஒரே ஒலி, எழுத்துத்தான் வேறு.

சகோதரிகளே, பால்மாப் பொதியில் மூன்றைக் கட்டாயம் பாருங்கள். 'எம்.எஃப்.டி.' உற்பத்தித் திகதி. 'ஈ.எக்ஸ்.பி.' காலாவதித் திகதி. 'எம்.ஆர்.பி.' அதிகபட்ச சில்லறை விலை. அதற்கு மேல் பணம் கேட்டால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

வாரத்துக்கு மூன்று சொல் படியுங்கள். பிள்ளைக்கு வாங்கும் பொருள் பழையதா புதியதா என்று நாமே வாசித்து அறியலாம்.