போனஸ் பணத்தில் மகிழ்மதி... ராமோஜிக்குக் கிளம்பிய பனியன் கம்பெனிக் குடும்பம்!

தீபாவளிக்கு முந்தின இரவில் திருப்பூர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்திருக்கிறீர்களா? மதுரை, தேனி, திண்டுக்கல், தஞ்சாவூர் என்று பஸ் பஸ்ஸாக ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். மறுநாளிலிருந்து ஊரே கப்சிப். கம்பெனிகள் திரும்பத் திறக்க ஒரு வாரம் ஆகும், சில இடங்களில் பத்து நாள்கூட ஆகும்.

பெருமாநல்லூர் பக்கத்தில் ஒரு காம்பவுண்டில் மொத்தம் எட்டு வீடுகள். தீபாவளிக்கு ஏழு வீட்டில் பூட்டு தொங்கும். எட்டாவது வீட்டுக்காரர்களுக்குச் சொந்த ஊரே இதுதான், அதனால் போக வேறு ஊர் கிடையாது. அவர் பேட்லாக் டெய்லர், மனைவி இன்னொரு கம்பெனியில் செக்கிங். விளையாட ஆளில்லாமல் வருஷா வருஷம் முகம் வாடும் இரண்டு குழந்தைகள். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7.

'பாகுபலி' முதல் பாகம் வந்தது 2015-ல், இரண்டாம் பாகம் 2017-ல். அப்போது மகளுக்கு விவரம் தெரியாத வயது. ஆனால் போனிலும் டி.வி-யிலும் பார்த்துப் பார்த்து வசனம் மொத்தமும் மனப்பாடம். அந்தப் படத்துக்குப் போட்ட செட் ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டியில் இன்னும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம் என்று பள்ளியில் யாரோ சொன்னதும் வீட்டில் ஆரம்பித்தது நச்சரிப்பு. வழக்கமாக இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர்தான் சுற்றுலா. இது அதைவிடப் பெரிய செலவு. பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணமே தலைக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது.

போன வருஷம், 2025 ஆகஸ்டில், துணிந்து ரயில் டிக்கெட் போட்டுவிட்டார்கள். திருப்பூர் வழியாக செகந்திராபாத் போகும் சபரி எக்ஸ்பிரஸ். இப்போதெல்லாம் 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது என்பதால், தீபாவளி டிக்கெட்டுக்கு ஆகஸ்டிலேயே உட்கார வேண்டியிருக்கிறது.

அதே மாதம் 27-ம் தேதி, இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்காவின் 50 சதவிகித வரி அமலுக்கு வந்தது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போவது அமெரிக்காவுக்குத்தான். ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு ஷிப்ட் ஆனது. சனிக்கிழமை சம்பளக் கவர் மெலிந்தது.

"ஏனுங்க, டிக்கெட்ட கேன்சல் பண்ணிப் போடலாமுங்களா?" என்று மனைவி கேட்டார்.

"பொறு புள்ள. போனஸ் வரட்டும், பாத்துக்கலாம்."

போனஸ் சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவிகிதம், அதிகபட்சம் 20. இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கும் என்பதுதான் அந்த இரண்டு மாதமும் வீட்டில் பேச்சு. போன தடவையைவிடக் குறைவாகத்தான் வந்தது. ஆனாலும் வந்தது. மிக்ஸி வாங்கும் திட்டம் பொங்கலுக்குத் தள்ளிப்போனது, ரயில் டிக்கெட் தப்பித்தது.

ஹைதராபாத்தில் எல்.பி. நகர் வரை மெட்ரோ, அங்கிருந்து விஜயவாடா சாலையில் பஸ். 1996-ல் ராமோஜி ராவ் தொடங்கிய இடம் இது. 1,666 ஏக்கர், உலகிலேயே பெரிய ஃபிலிம் ஸ்டுடியோ வளாகம் என்று கின்னஸ் சொல்கிறது. உள்ளே சிவப்பு பஸ்ஸில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். ரயில் நிலையம், ஜெயில், வெளிநாட்டுத் தெரு என எல்லாம் வரிசையாக வருகின்றன. மகன் ஜன்னலை விட்டு நகரவில்லை. மகளோ, "மகிழ்மதி எப்ப வரும்?" என்பதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

வந்தது. பிரமாண்டமான தூண்கள், யானைச் சிற்பங்கள், அரண்மனை முகப்பு. ஓடிப்போய் ஒரு தூணைக் கட்டிப்பிடித்தவள், விரலால் தட்டிப் பார்த்தாள். டொக்.

"அப்பா, இது கல்லில்லப்பா."

அடுத்த கேள்வி இன்னும் கஷ்டமானது. "அருவி எங்கேப்பா?"

படத்தில் வானத்திலிருந்து கொட்டும் அந்த அருவிக்கு அடிப்படை கேரளாவின் அதிரப்பள்ளி, மீதி கம்ப்யூட்டர் வேலை. வால்பாறை வழியாகப் போனால் திருப்பூரிலிருந்து அதிரப்பள்ளி ஹைதராபாத்தைவிட ரொம்பப் பக்கம்! அப்பா இதைச் சொன்னதும் மகளின் முகம் தொங்கிவிட்டது. இரண்டு மாசக் கவலைக்கும் போனஸ் பணத்துக்கும் பதில் ஒரு 'டொக்'தானா என்று அவருக்கும் ஒரு நிமிடம் சுருக்கென்றது.

அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் 2010-ல் ஹாரி பாட்டர் உலகத்தைத் திறந்தார்கள், ஜப்பானின் ஒசாகாவில் 2014-ல். அவை பார்வையாளருக்காகவே கட்டப்பட்டவை. மகிழ்மதியைக் கட்டியது கேமராவுக்காக. மந்திரம் தேடிப் போனால் கொஞ்சம் ஏமாற்றம் வரலாம், வேலையைப் பார்க்கப் போனால் நேரம் போவதே தெரியாது.

நல்லவேளை, அந்த அப்பா இரண்டாவது ரகம். இந்த செட்டுகளை வடிவமைத்த கலை இயக்குநர் சாபு சிரில் நம்ம வால்பாறையில் பிறந்தவர். பல்வாள்தேவனின் சுழலும் கத்தி ரதத்துக்குள் ராயல் என்ஃபீல்டு இன்ஜினை வைத்து ஓட்டியிருக்கிறார். இதை போனில் படித்துச் சொன்னதும், "புல்லட் இன்ஜினா?" என்று மகனும் வந்து ஒட்டிக்கொண்டான். பிறகு மூன்று பேருமாக ஒவ்வொரு சுவரின் பின்பக்கத்தையும் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். எங்கே ஒட்டு, எங்கே பெயின்ட், எது எந்தப் பக்கம் வரைக்கும் கட்டியிருக்கிறது? "டீ-சர்ட்டுல முன்னாடி பிரின்ட் பளபளன்னு இருக்கும், உள்ள திருப்புனா தையல் தெரியுமில்ல, அதாஞ்சாமி இதும்" என்றார் அப்பா. மகள் அதற்கப்புறம் அருவியைக் கேட்கவில்லை. கட்டப்பா குத்துவது போல அப்பாவின் முதுகில் குத்தி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். சத்யராஜும் கோயம்புத்தூர்க்காரர்தானே!

(போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காலையில் திறக்கும்போதே உள்ளே இருங்கள், ஒரு முழு நாள் போதாது. மதிய வெயிலில் நடை அதிகம், குழந்தைகளுக்குத் தொப்பி அவசியம்.)

திரும்பும்போது செகந்திராபாத் தெருக்கடை ஒன்றில் பாகுபலி படம் போட்ட டீ-சர்ட்டைக் கண்டு மகன் அடம்பிடித்தான். அம்மா அதைக் கையில் வாங்கியதும் முதலில் செய்த காரியம், உள்பக்கம் திருப்பியது. தோள் மூட்டு, கழுத்து, சைடு தையல். விரல் தானாக ஓடியது.

"பிசிறே வெட்டல பாருங்க. காதர்பேட்டைல இதுல பாதி வெலைக்கு வாங்கலாமுங்க."

"வாங்கிக் குடு புள்ள. இவ்வளவு தூரம் வந்துட்டு..."

ரயில் ஏறி, குழந்தைகள் இரண்டும் தூங்கிய பிறகு, பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் அந்த டீ-சர்ட்டின் பிசிறை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தார் அம்மா.