கை நழுவாதிருக்க

‘கை நழுவிப் போயிற்று’ என்பதன் பொருளைச் சென்ற ஆண்டு பளுதூக்கும் போட்டியில்தான் உணர்ந்தேன். முழங்காலைத் தாண்டிய கம்பி வியர்வையில் வழுக்கித் தரையில் விழுந்தது. கால்களில் வலு இருந்தது; விரல்களில் இல்லை. “பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?” என்றார் பாட்டி. பதில் சொல்லத் தெரியாமல் அழுதேன்.

மறுநாள் உடற்பயிற்சி ஆசிரியை என் பிடியைப் பார்த்தார்கள். “கட்டைவிரல்தான் பூட்டு, அதை வெளியே விடாதே” என்றார்கள். முதலில் கட்டைவிரல் கம்பியைச் சுற்ற வேண்டும். அதன்மேல் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அழுந்த வேண்டும். வலித்தது, ஆனால் பழகிவிட்டது. வியர்வையை உறிஞ்ச, மக்னீசியம் கார்பனேட் தூளை உள்ளங்கையில் மெல்லியதாகப் பூசிக்கொண்டேன். இரண்டு இரும்புத் தட்டுகளை, வழவழப்பான பக்கம் வெளியே இருக்கும்படி சேர்த்து, விரல்களால் மட்டும் கவ்வித் தூக்கி நின்றேன். முதல் நாள் 5 விநாடி; மூன்று மாதங்களில் 30 விநாடி.

2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி இரு முறைகளிலும் சேர்த்து 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. அத்தனை பளுவையும் தாங்கியவை பத்து விரல்கள்தாமே!

இவ்வாண்டுப் போட்டியில் எனக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் கம்பி நழுவவில்லை. வீட்டிலோ, எண்ணெய்ப் பிசுக்கேறிய ஊறுகாய்ப் புட்டியைத் திறக்கப் பாட்டி இப்போது என்னைத்தான் அழைக்கிறார்.

தோழியரே, உறுதியான பிடி ஒரே நாளில் வருவதில்லை. அன்றாடம் சிறிது முயல்வோம். மற்றதை இறைவன் பார்த்துக்கொள்வார்.