ஆலங்குடாவில் ஒரு மொறிஸ் மைனர்

பாலாவிச் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கிக் கற்பிட்டி வீதியால் திரும்பினால், முதலில் உப்பளங்கள், பிறகு தென்னந்தோட்டங்கள். நடுவீதியில் கழுதைகள் நிற்கும். எவ்வளவு ஹோன் அடித்தாலும் அசையமாட்டா. அந்த வழியில்தான் ஆலங்குடா இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலோரைத் தாங்கிக்கொண்டது இந்தப் புத்தளம் மண். ஆரம்ப நாட்களில் இவ்வூர்ப் பெண்கள் சோறு சமைத்துக் கொடுத்ததை வந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

உறவினர் திருமணமொன்றுக்குப் போயிருந்தபோது, யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்த ஒரு மாமியின் வீட்டில் தங்கினேன். கண்ணாடி அலுமாரியில், பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே, ஒரு சாண் நீளத்தில் ஒரு கார்!

"எங்கட அவர் செஞ்சது" என்று எடுத்துத் தந்தார்.

மீன் பேணியை வெட்டித் தட்டிய உடல். ரப்பர் செருப்பை வட்டமாக நறுக்கிய சில்லுகள். அச்சுக்குச் சைக்கிள் கம்பி. முன்விளக்குகள் இரண்டும் சட்டைப் பொத்தான்கள். மொறிஸ் மைனரின் உருண்டை முதுகு அப்படியே வந்திருந்தது. தகரத்தை மரக்கட்டையில் வைத்துக் கல்லால் தட்டித் தட்டியே வளைத்தாராம். பிள்ளையின் கையை வெட்டாதபடி ஓரங்களையெல்லாம் உள்ளே மடித்திருந்தார். அந்த மடிப்பைத்தான் நான் வெகுநேரம் தடவிப் பார்த்தேன்.

அவர் யாழ் நகரில் வாடகைக் கார் ஓட்டியவர். ஒக்டோபர் 30ஆம் திகதி காலை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். கார், பத்திரம், நகை எல்லாம் போயிற்று. முகாமின் கிடுகுக் கொட்டிலில் ஐந்து வயது மகன், "வாப்பா, நம்மட கார் எங்க?" என்று இரவிரவாக அழுவானாம். நிவாரண மீன் பேணிகள் சேரச் சேர, இரண்டு ஜும்ஆவுக்குள் கார் தயாராகிவிட்டது. பின்பக்கத்தில் இலக்கத் தகடும் உண்டு. பறிபோன காரின் அதே இலக்கம், நடுவே ஸ்ரீ எழுத்துடன், ஆணியால் கீறியது.

நம் பிள்ளைகள் பெட்டரிக் காரை ஒரு கிழமையில் பிரித்துப் போடுகிறார்கள். இதிலோ இத்தனை வருடத்தில் ஒரு சில்லு மட்டும்தான் மாற்றியிருக்கிறார்கள்.

அவர் மவுத்தாகிப் பல வருடங்களுக்குப் பின், இழந்த உடைமைகளின் விபரம் கேட்டு ஒரு படிவம் வந்ததாம். வாகன இலக்கம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? ஒரு துண்டுக் கடதாசியும் கையில் இல்லை. மகன்தான் அலுமாரியைத் திறந்து, காரைத் திருப்பிப் பிடித்து, பார்த்துப் பார்த்து எழுதினானாம்.

"பதில் வந்ததா மாமி?"

"இன்னும் இல்ல மகள்."

வாசகியருக்குக் காட்ட ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டேன். சம்மதித்தார். ஆனால் நான் கமெராவை உயர்த்தியதும் பின்பக்க இலக்கத்தை மட்டும் பெருவிரலால் மறைத்துக்கொண்டார்.

"இது கணக்கு முடியாத கார் மகள்" என்றார், சிரித்தபடியே.