வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது?

மீன் பிடிப்பதற்கும் மேசை விளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். புழு கோர்த்துத் தூண்டில் போடுகிறவருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால், இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றி, பூச்சி மாதிரியும் குஞ்சு மீன் மாதிரியும் கட்டி, அதை வீசி மீன் பிடிக்கிற ஒரு வகை உண்டு. ஆங்கிலத்தில் 'ஃபிளை' என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வைத்த பெயர் பொய்ப்பூச்சி.

பகாவில் இருக்கும் என் அப்பாவுக்கு வயது 67. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பட்டைக்கு உள்ளே கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரம் காயப்பட்டுவிடும். அந்தக் கணக்கு பழகிய கை அவருடையது. ஓய்வு பெற்ற பிறகு, மூவார் ஆற்றுக்கு மீன் பிடிக்க வந்த ஒரு நண்பரிடம் பூச்சி கட்டக் கற்றுக்கொண்டார். தோமானுக்குத் தவளை, செபாராவுக்குக் குஞ்சு மீன் என்று விதவிதமாகக் கட்டுவார். சேவல் கழுத்து இறகு கம்பத்தில் கிடைக்கும். தைப்பூசக் காவடியிலிருந்து உதிர்ந்த மயிலிறகுகூட வீணாகாது. அதன் இழைகளை முள்ளில் சுற்றினால் வண்டின் உடம்பு மாதிரி மினுங்கும். வார இறுதியில் கோலாலம்பூரிலிருந்து வரும் தூண்டில்காரர்கள் ஒன்று 8 வெள்ளிக்கு வாங்கிப் போவார்கள்.

போன ஆண்டு அந்த வேலை நின்றுபோகப் பார்த்தது. வாங்கியவர் ஒருவர் இரண்டு பூச்சிகளைத் திருப்பிக் கொண்டுவந்தார். தலைமுடிச்சு சரியாக விழாமல் நூல் அவிழ்ந்திருந்தது. அப்பா அவற்றைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "கண்ணு போச்சுடா. போதும், பெட்டிய மூடிடுறேன்" என்றார். எட்டு வெள்ளி அவருக்குப் பெரிதில்லை. அம்மா இறந்த பிறகு அவருடைய மாலைப்பொழுதை நகர்த்தியது அந்தப் பெட்டிதான். அது மூடப்படுவதை நான் விரும்பவில்லை.

முதலில் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். விளக்கு வாங்க நினைக்கும் எல்லாருக்கும் இதுதான் முதல் படி. கண்ணில் புரை வளர்ந்திருந்தால் எந்த விளக்கும் அதைத் தீர்க்காது. அப்பாவுக்குப் புரை ஆரம்ப நிலையில்தான் இருந்தது. இப்போதைக்கு அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார் மருத்துவர். கிட்டப் பார்க்கும் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார்கள். வயதாகும்போது கண்மணியின் துவாரம் சுருங்குகிறது, உள்ளே உள்ள வில்லை மஞ்சளாகிறது. இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் சேர்கிறது. நமக்குப் போதுமான வெளிச்சம் அப்பாக்களுக்குப் போதாமல் இருப்பது இதனால்தான்.

அடுத்தது விளக்கு. இந்தத் தொழிலுக்கென்றே விற்கும் விளக்குகள் சில நூறு வெள்ளி விலை சொல்கின்றன. அப்பா விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, "நான் கார்பைட் விளக்க நெத்தியில கட்டிக்கிட்டு நூத்துக்கணக்குல மரம் வெட்டினவன்டா" என்றார். உண்மைதான். வெயில் ஏறுவதற்கு முன்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், இருட்டிலேயே தீம்பாருக்குப் போவார்கள். கார்பைட் கல்லில் தண்ணீர் சொட்டச் சொட்ட வாயு கிளம்பி எரியும் விளக்கு அது. பிறகு பேட்டரி விளக்கு வந்தது.

அப்பாவின் பழைய தலை லைட்டையே முதலில் போட்டுப் பார்த்தோம். மரத்துக்கு அது சரி, பூச்சிக்குச் சரியில்லை. கண் இருக்கும் பக்கத்திலிருந்தே வெளிச்சம் போவதால் நிழலே விழவில்லை. நிழல் இல்லாவிட்டால் நூல் மேடாக இருக்கிறதா, பள்ளமாக இருக்கிறதா என்று தெரியாது. பளபளக்கும் முள்ளில் பட்டுக் கண்ணிலேயே திரும்பி அடித்தது. வெளிச்சம் எவ்வளவு என்பதைவிட எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பது முக்கியம் என்று அப்போது புரிந்தது. வலக்கைக்காரருக்கு இடப்பக்கம், சற்று மேலிருந்து விழ வேண்டும். இல்லாவிட்டால் வேலை செய்யும் கையே முள்ளை மறைத்துவிடும்.

தூரமும் ஒரு விஷயம். 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் சிறிய விளக்கை 30 சென்டிமீட்டருக்கு இறக்கினால், வெளிச்சம் இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆகவே வளைத்து இறக்கக்கூடிய கழுத்துள்ள 5 வாட் எல்.இ.டி. விளக்கு, கூரையில் இருக்கும் பெரிய விளக்கைவிட இந்த வேலைக்கு உதவும். பழைய ஹாலோஜன் விளக்கை அவ்வளவு பக்கத்தில் வைத்தால் சூடு தாங்காது. முடிச்சின் மேல் தடவும் நகப்பூச்சு தீப்பிடிக்கக்கூடியது என்பதையும் மறக்கக்கூடாது.

பெட்டியில் போட்டிருக்கும் எண்களில் இரண்டைப் பார்த்தால் போதும். ஒன்று கெல்வின். 2700 என்றால் மஞ்சள் வெளிச்சம், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. நடுவில் 4000 முதல் 5000 வரை நுண்வேலைக்கு ஏற்றது. இன்னொன்று சி.ஆர்.ஐ. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு அது, உச்சம் 100. சாதாரண விளக்குகளில் 80 இருக்கும். 90க்கு மேல் இருந்தால் சிவப்பு இறகு சிவப்பாகவே தெரியும், பழுப்பாகத் தெரியாது. எண் போடாத பெட்டியாக இருந்தால் விளக்கடியில் உங்கள் உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். கை வெளிறித் தெரிந்தால் அந்த விளக்கு வேண்டாம்.

கடையில் செய்யக்கூடிய இன்னொரு சோதனை: கைப்பேசி கேமராவை விளக்குக்கு நேரே காட்டுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் விளக்கு துடிக்கிறது என்று பொருள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மட்டமான எல்.இ.டி. நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் சிலருக்குத் தலை வலிக்கும். நேராக மின்சாரத்தில் செருகும் விளக்கானால் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். யு.எஸ்.பி. விளக்கானால் அதைச் செருகும் அடாப்டரில் பாருங்கள். ஐந்து வெள்ளி மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

பூதக்கண்ணாடி பொருத்திய வட்ட விளக்கையும் பார்த்தோம். 3 டயோப்டர் வில்லை பொருளை 1.75 மடங்காகக் காட்டும்; 5 டயோப்டர் 2.25 மடங்கு. பெரிதாகத் தெரிவது நல்லதுதானே என்று 5 வாங்கத் தோன்றும். ஆனால், அதற்குப் பொருள் 20 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். முள்ளைப் பிடிக்கும் வைஸ், நூல்கண்டு, இரண்டு கைகள் எல்லாம் அந்த இடைவெளிக்குள் புழங்க முடியாது. 3 போதும். ஒரு எச்சரிக்கை: அந்த வில்லையை மூடாமல் ஜன்னலோரம் வைக்காதீர்கள். வெயில் அதில் குவிந்தால் காகிதமும் துணியும் பற்றிக்கொள்ளும்.

புதுக் கண்ணாடியே போதும், வில்லை வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். கடைசியில் வாங்கியது, மேசை விளிம்பில் கவ்விக்கொள்ளும் வளைகழுத்து யு.எஸ்.பி. விளக்கு, 42 வெள்ளி. பவர் பேங்கிலும் எரியும் என்பதால் ஆற்றங்கரைக்கும் எடுத்துப் போகலாம். வைசுக்குப் பின்னால் வெளிர்நீல அட்டை ஒன்றை நிறுத்தினோம். பழைய நாள்காட்டியின் பின்பக்கம்தான், செலவில்லை. கறுப்பு நூல் அதன் முன்னால் கோடு போட்ட மாதிரி தெரிகிறது. கூரை விளக்கையும் எரியவிட்டுத்தான் வேலை செய்கிறார். சுற்றிலும் இருட்டும் நடுவில் மட்டும் வெளிச்சமும் இருந்தால் கண் சீக்கிரம் களைத்துவிடும்.

இப்போது ஒரு மாலைக்கு மூன்று பூச்சிகள், அதற்கு மேல் இல்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து வாசலில் தூரத்தில் தெரியும் செம்பனை மரங்களைப் பார்த்துவிட்டு வருவார். அவிழ்ந்த அந்த இரண்டு பூச்சிகளையும் பிரித்து, அதே முள்ளில் மறுபடி கட்டி, வாங்கியவரிடமே கொடுத்தனுப்பினார். காசு வாங்கவில்லை.

இதெல்லாம் மீன்பிடிக்கு மட்டுமான சமாசாரம் இல்லை. உங்கள் வீட்டில் ரவிக்கைக்குக் கொக்கி தைக்கும் அம்மா இருக்கலாம், மருந்துச் சீட்டை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பாட்டி இருக்கலாம். "எனக்குத் தெரியல, விடு" என்று அவர்கள் ஒரு வேலையை ஒதுக்கி வைத்தால், வயசாச்சு என்று நாமும் விட்டுவிடாமல், அவர்கள் உட்காரும் இடத்தில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். கை நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பிறகு அவர்களையே கடைக்குக் கூட்டிப்போங்கள். அப்பா கடைக்கு வரும்போது சட்டைப்பையில் ஒரு சிவப்பு இறகும் கொஞ்சம் கறுப்பு நூலும் வைத்திருந்தார். ஒவ்வொரு விளக்கையும் போடச் சொல்லி, அதன் அடியில் நூலைப் பிடித்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார். கடைக்காரர் ஐந்து விளக்குகளைப் பிரித்துக் காட்டினார், முகம் சுளிக்கவில்லை.