எந்த நாய் என்று கேட்குமுன்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலையில் மதுரையிலிருந்து என் பேரன் தொலைபேசியில் அழைத்தான். ஆறாம் வகுப்புப் படிக்கிறான். நலம் விசாரிப்பு இரண்டு வார்த்தைகளில் முடிந்தது. "தாத்தா, நாய் வளர்க்க அம்மா சம்மதிச்சுட்டாங்க. சாதி நாய் வாங்கலாமா, கலப்பு நாய் வாங்கலாமா? நீங்க ரெண்டும் வளர்த்திருக்கீங்களாமே!" என்று ஒரே மூச்சில் கேட்டான்.

முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை சொன்னவன் நான். அன்று என்னவோ சட்டென்று விடை வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் ராசா" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். அன்றிரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. என் வாழ்வில் வந்துபோன இரண்டு நாய்கள் கண்முன் நின்றன. அவற்றின் கதையை அவனுக்குச் சொல்லாமல் அவன் கேள்விக்கு விடை சொல்வது நேர்மையாகாது என்று தோன்றியது. அவனுக்கு எழுதியதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி. இனத்தூய்மை உள்ள நாயைச் 'சாதி நாய்' என்று சொல்வது நம் நாட்டு வழக்கு. மனிதரிடையே ஒழிய வேண்டும் என்று மேடைதோறும் நாம் முழங்கும் ஒரு சொல்லை நாயின் கழுத்தில் பெருமையோடு கட்டிவிடுகிறோம். நாயை வாங்கப் போகிறவனும், பெண் பார்க்கப் போகிறவனைப் போல, முதலில் குலத்தைத்தான் விசாரிக்கிறான். நானும் அப்படித்தான் விசாரித்தேன்.

1984ஆம் ஆண்டு. கோவில்பட்டிக்கு அருகே ஒரு சிற்றூரில் ஆசிரியராக இருந்தேன். ராஜபாளையம் தொலைவில் இல்லை. உடன் பணியாற்றிய நண்பர் ஒருவரோடு பேருந்தேறிப் போய் ஒரு குட்டி வாங்கி வந்தேன். நான் கேட்ட கேள்விகள் மூன்று. உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளையா? மூக்கு இளஞ்சிவப்பா? தாய் தந்தை இரண்டும் கலப்பில்லாதவையா? மூன்றுக்கும் விற்றவர் 'ஆம்' என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தாயையும் கூடப்பிறந்த குட்டிகளையும் பார்க்க வேண்டும் என்று எனக்குத்தான் தோன்றவில்லை.

வேந்தன் என்று பெயரிட்டோம். தெருவே வந்து பார்த்தது. எனக்கு அதில் பெருமை கொஞ்சமல்ல. ஆனால் வேந்தன் அழைத்தால் வரமாட்டான். "ராஜபாளையத்துக்குத் தலைக்கனம் உண்டு, அடித்துத்தான் படிய வைக்க வேண்டும்" என்றார்கள். நான் புளிய விளார் ஒன்றை ஒடித்து வைத்துக்கொண்டேன். எத்தனை முறை அடித்திருப்பேன் என்பது நினைவில் இல்லை. அந்த விளாரை எரவாணத்தில் செருகி வைத்திருந்த இடம் மட்டும் இன்றும் நினைவிருக்கிறது.

ஏழாம் மாதத்தில் வயிற்றுப்போக்கு என்று கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனேன். அவர் மருந்து கொடுத்துவிட்டு, ஏதோ ஐயம் கொண்டவராய், வேந்தனுக்குப் பின்னால் போய் ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கித் தட்டினார். வெளியே மரத்தில் இருந்த காகங்கள் பறந்தன. வேந்தன் திரும்பவில்லை. "இதற்குக் காது கேட்காது, சார். பிறந்த சில வாரங்களிலேயே போயிருக்கும்" என்றார். வீடு திரும்பியதும் நான் முதலில் செய்த காரியம் அந்த விளாரை எடுத்து அடுப்பில் வைத்ததுதான்.

இதன் காரணத்தைப் பின்னாளில் படித்து அறிந்தேன். தோலுக்கு நிறம் தருகிற அணுக்கள் உட்செவியிலும் உண்டு. அங்கே ஒலியை உணரும் அணுக்கள் உயிரோடிருக்க அவை துணை செய்கின்றன. வெண்மைக்குக் காரணமான மரபுக்கூறுகள் சில அந்த நிற அணுக்களை உட்செவிக்கும் வரவிடாமல் செய்துவிடுகின்றன. அப்போது, குட்டி பிறந்து மூன்று நான்கு வாரங்களுக்குள் செவி அடைந்துபோகிறது. கரும்புள்ளிகளுள்ள டால்மேஷியன் நாய்களிலும் இதே குறை பரவலாக உண்டு. புள்ளியில்லாத வெண்மையை விரும்பித் தேடினேன். அந்த வெண்மைக்குள்ளேயே செவிட்டுத்தன்மை ஒளிந்திருந்தது.

காது கேளாத நாயைக் கைச்சாடையால் நன்றாகப் பழக்க முடியும். அன்று எனக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. வீட்டில் தவழும் குழந்தை. உறங்கும்போது பின்னாலிருந்து தொட்டால் வேந்தன் பதறி எழுந்து பற்களைக் காட்டுவான். அஞ்சினோம். தோட்டம் வைத்திருந்த ஒருவர் கேட்டார், கொடுத்துவிட்டேன். அவர் அதைப் பம்புசெட் அறையருகே சங்கிலியில் கட்டிப் போட்டார். எட்டு மாதம் கழித்து, உறங்கிக்கொண்டிருந்த அதைத் தாண்டிப் போன கூலியாள் ஒருவரைக் கடித்துவிட்டது. அந்த ஏழை, அக்கால வழக்கப்படி, வயிற்றில் 14 ஊசி போட்டுக்கொள்ள நாள்தோறும் அரசு மருத்துவமனைக்கு நடந்தார். அதன் பின் வேந்தனைத் தோட்டத்தில் காணவில்லை. என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதைப் படிப்பவர்கள், "அப்படியானால் இன நாய்களே வேண்டாம் என்கிறீரா?" என்று கேட்கலாம். இல்லை. இன்று நாம் காணும் மேலைநாட்டு இனங்கள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரையறுக்கப்பட்டவை. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தோன்றியபின், எந்த இனம் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். பதிவேட்டில் உள்ள நாய்களை மட்டுமே தமக்குள் இணை சேர்த்தார்கள். பரிசு பெற்ற சில ஆண் நாய்களே பல நூறு குட்டிகளுக்குத் தந்தையாயின. நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்க்கும்போது, மறைந்து கிடந்த நோய்க்கூறுகள் ஒன்று கூடி வெளிப்படுகின்றன. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு இவ்வாறு சேர்ந்ததே. பக் நாயின் மூச்சுத் திணறலோ, தட்டை முகத்தை விரும்பித் தேர்ந்தெடுத்து இணை சேர்த்ததால் வந்தது. லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்காமைக்குக் காரணமான மரபுக் குறை உண்டு என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். 'எங்கள் நாய் எவ்வளவு போட்டாலும் தின்னும்' என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்வதற்குப் பின்னால் இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

ஆயினும் இன நாய்க்கு ஒரு நன்மை உண்டு. வளர்ந்தால் எவ்வளவு உயரம், எத்தகைய குணம், எவ்வளவு ஓட்டம் வேண்டும் என்பதை ஓரளவு முன்கூட்டியே அறியலாம். நம் மண்ணின் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் வெயிலுக்கும் வேட்டைக்கும் காவலுக்கும் ஏற்றவை. 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் இடம்பெற்றது. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று முயல் வேட்டைக்கு இடமில்லை. கரிசல் காட்டில் முயலைத் துரத்த உருவான சிப்பிப்பாறையை அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் கட்டினால், அது மரப்பலகையைக் கடிப்பதும் இரவெல்லாம் குரைப்பதும் அதன் குற்றமா? பனிநாட்டின் இரட்டை மயிர்ப்போர்வையோடு பிறந்த ஹஸ்கியை மதுரையின் சித்திரை வெயிலில் வாட விடுவது யாருடைய குற்றம்? 2003இல் ஒரு தொலைபேசி விளம்பரத்தில் சிறுவன் ஒருவன் பின்னால் பக் நாய் ஓடியதைக் கண்டு, நாடெங்கும் அந்த நாயை வாங்கினோம். விளம்பரத்தில் அதன் மூச்சிரைப்பு யாருக்கும் கேட்கவில்லை.

இரண்டாவது நாய், நாங்கள் தேடாமலே வந்தது. 1993இல், பள்ளியின் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் கிடந்த கருங்குட்டி ஒன்றை என் மகள் பாவாடையில் பொதிந்து கொண்டுவந்தாள். தாய் தெருநாய், தந்தை யாரென்று தெரியாது. செவி பாதி மடிந்து பாதி நிமிர்ந்திருக்கும். கருப்பி என்றோம். மீண்டும் ஒரு நாயா என்று தயங்கினேன். இம்முறை முதல் நாளே பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தேன். திரும்பினாள். கண் கலங்கிவிட்டது.

கருப்பி 13 ஆண்டுகள் எங்களோடு இருந்தாள். பெரிதாக நோய் கண்டதில்லை. கலப்பில் பிறந்தவற்றிடம் நெருங்கிய உறவில் சேரும் குறைகள் பொதுவாகக் குறைவு என்பது உண்மையே. ஆனால் அதை வரமாக எண்ணிவிடக் கூடாது. பார்வோ வைரஸ் குலம் பார்த்து வருவதில்லை. இரண்டு இனங்களைக் கலந்துவிட்டால் இரண்டின் நன்மை மட்டும் வரும் என்பதும் இல்லை. இரண்டின் நோயும் வரலாம். 1980களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் வாலி கான்ரன் என்பவர், கணவருக்கு ஒவ்வாமை இருந்த பார்வையற்ற பெண் ஒருவருக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டதால், லாப்ரடாரையும் பூடிலையும் இணைத்தார். பின்னர் 'லாப்ரடூடில்' என்று அதற்கு மோகம் பெருகி, விலைக்காகக் கண்டபடி இணை சேர்க்கத் தொடங்கியதைக் கண்டு, தாம் செய்ததற்காக வருந்தியதாக அவரே பின்னாளில் சொன்னார். தூய்மை மட்டுமல்ல, கலப்பும் ஒரு மோகமாகிவிடும்.

கருப்பியின் விஷயத்திலும் நான் குற்றமற்றவனல்ல. கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடுங்கள் என்று மருத்துவர் சொன்னார். 'வாயில்லா ஜீவனுக்கு எதற்கு அந்த வேதனை' என்று தள்ளிப்போட்டேன். இரக்கம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். உண்மையில் அது சோம்பல். மறு ஆண்டு 6 குட்டிகள். நான்கிற்கு வீடு கிடைத்தது. அந்த நான்கும் ஆண். மிஞ்சிய இரண்டு பெண் குட்டிகளை வாங்க யாரும் இல்லை. ஒன்று சாலையில் அடிபட்டது. மற்றொன்று தெருவோடு போயிற்று. அடுத்த ஆண்டு அதன் வயிறும் நிறைந்திருந்தது. நம் வீதிகளில் திரியும் நாய்களைக் கண்டு நகராட்சியை நோகிறோம். அவற்றுள் எத்தனை நாய்களின் பாட்டி என் வீட்டுத் திண்ணையில் பிறந்ததோ!

சாதி நாயிடமும் தவறினேன், கலப்பு நாயிடமும் தவறினேன். இரண்டிலும் தவறியது நாயன்று. ஆகவே என் பேரனுக்கு நான் எழுதிய விடை இதுதான்: எந்த நாய் என்று கேட்குமுன், எந்த வீடு என்று கேள்.

நாய் 12 ஆண்டுகள் வாழக்கூடும். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் நீ அது முதுமையடையும்போது வேலைக்குப் போயிருப்பாய். தேர்வு வரும், விடுதி வரும். அப்போது யார் அதை நடத்திப் போவார்? விடுமுறையில் ஊருக்கு வந்தால் அதை யாரிடம் விடுவாய்? உணவுக்கும் ஊசிக்கும் மாதாமாதம் பணம் ஒதுக்க அம்மாவால் முடியுமா? இக்கேள்விகளுக்கு விடை இருந்தால் மேலே படி.

இன நாய்தான் வேண்டுமென்றால், தாய் வாழும் இடத்திற்கே போய்ப் பார். தாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதே. 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்பதை 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் தடுக்கின்றன. தாய் தந்தையரின் இடுப்பு, கண், செவி பற்றிக் கேள். வெள்ளைக் குட்டியானால் பின்னால் நின்று கைதட்டு. கலப்பு நாய் என்றால், காப்பகத்தில் வளர்ந்த நாய்களையும் பார். அவற்றின் குணம் ஏற்கெனவே வெளிப்பட்டிருக்கும். எதுவாயினும் மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும். நோய்க்குறி தோன்றிவிட்டால் அநேகமாகப் பிழைக்க வழியில்லாத நோய் அது. எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டு நாய்தானே என்று இருந்துவிடக் கூடாது. கருத்தடையைத் தள்ளிப்போடாதே. ஒருநாள் அது வேண்டாமற் போனால் சாலையில் விட்டுவிடலாம் என்று எண்ணாதே. பட்டினி கிடக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் பிறக்கும் முன்பும் அது குற்றந்தான்.

கடிதத்தின் முடிவில் ஒரு தேர்வும் வைத்தேன். நாய் வருவதற்கு முன்பே, 40 நாள் காலை ஐந்தரைக்கு எழுந்து அரைமணி நேரம் தெருவில் நடந்து வா. மழையானாலும், தேர்வானாலும், முதல்நாள் இரவு திருமணத்துக்குப் போய் வந்திருந்தாலும் நட. நாற்பது நாளும் நடந்துவிட்டால் எந்த நாய் என்று நாம் இருவரும் சேர்ந்து பார்க்கலாம்.

நேற்றுக் காலை மகள் பேசினாள். "அப்பா, இன்னிக்கு இருபத்து மூணாம் நாள். முந்தாநாள் மட்டும் எழுந்திருக்கல. அதனால திரும்ப ஒண்ணுலேர்ந்து எண்ணணுமான்னு கேக்கிறான்" என்றாள்.

நான் சற்று யோசித்தேன். பிறகு, "ஆமான்னு சொல்லும்மா" என்றேன். அவன் அழவில்லையாம். இன்று காலை மறுபடியும் ஒன்று என்று எண்ணத் தொடங்கிவிட்டானாம்.