கண் திறந்தால் கதவு திறக்கும்

மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

கண்ணாடி என்றால் பார்வைக் குறைக்கு என்றுதான் நம் பாட்டனார்கள் அறிந்திருந்தனர். இன்றோ இல்லாத உலகைக் காட்டவும் ஒரு கண்ணாடி வந்துவிட்டது! மெய்நிகர்த் தலைக்கருவி என்பர் தமிழாசிரியர்கள். தியாகராய நகர்ச் சிறுவர்களுக்கு அது வி.ஆர். 1968-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் செய்து காட்டிய கருவியின் பாரம் தலைக்குத் தாங்காது என்று மேற்கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். இப்போது அரைக் கிலோ அளவில் வந்துவிட்டது. நம் அடையாற்றுப் பக்கம் சென்னை ஐ.ஐ.டி.யில் இதற்கென்றே எக்ஸ்.டி.ஐ.சி. என்னும் ஆய்வு மையம் இயங்குகிறது.

சனி, ஞாயிறுகளில் தியாகராய நகரில் ஒரு விளையாட்டுக் கூடத்தில் எனக்கு வேலை. வருகிறவர் தலையில் கருவியை மாட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். ஐந்து நிமிட ஆட்டத்துக்கு இரண்டு நிமிடம் ஆயத்தம்! தீபாவளிக் கூட்டத்தில் அந்த இரண்டு நிமிடம் இரண்டு யுகம். “தம்பி, இன்னும் படமே வரலியே” என்று ஒருவர். “ரெண்டு ரெண்டா தெரியுதுப்பா” என்று இன்னொருவர்.

ஏன் இந்தத் தாமதம்? பழைய கருவிகளில் நெற்றியருகே ஓர் உணரி மட்டும் உண்டு. ஏதோ ஒன்று பக்கத்தில் வந்திருக்கிறது என்பதே அதற்குத் தெரியும். அது முகமா, கையா, மடித்து வைத்த துண்டா என்று தெரியாது. மாட்டிய பின் கடவுச்சொல். பிறகு இரு கண்பாவைகளுக்கு இடையிலுள்ள தூரத்துக்கு ஏற்ப வில்லைகளைத் திருக வேண்டும். பெரியவர்களுக்கு அந்தத் தூரம் சராசரி 63 மில்லிமீட்டர். (மயிலாப்பூரில் பங்குனியில் பவனி வருவோரும் அறுபத்துமூவரே! இது வெறும் தற்செயல். பேராசிரியர்கள் கோபிக்க வேண்டாம்.)

கண்ணைக் கண்டறியும் கருவி இந்தப் படிகளைத் தாண்டிவிடுகிறது. உள்ளே சிறு அகச்சிவப்பு விளக்குகள். நம் கண்ணுக்கு அவை தெரியா. அவ்வொளி கார்னியாவில் பட்டுச் சிறு மினுக்காகத் திரும்பும். பாவையோ கரிய வட்டமாகத் தோன்றும். மினுக்குக்கும் வட்டத்துக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டால் பார்வை செல்லும் திசை கிடைக்கும். கண் தென்பட்டதும், மாட்டியாயிற்று என்று உறுதி செய்து திரையை ஏற்றுகிறது. வில்லைகளையும் மோட்டாரே நகர்த்திவிடும். கருவிழியின் கோலத்தைப் படித்து ஆள் யார் என்றறிந்து, அவருக்குரிய அளவுகளை நினைவிலிருந்து எடுத்துக்கொள்வதும் உண்டு. ஆதாருக்காக நாம் கண்ணைக் காட்டினோமே, அதே கருவிழிதான். 2019-இல் வந்த மைக்ரோசாப்டின் ஹோலோலென்ஸ் 2, 2024-இல் வந்த ஆப்பிளின் விஷன் ப்ரோ இரண்டிலும் இவ்வாறு கருவிழியே சாவி.

எங்கள் கூடத்துக்கும், கண்ணை அளந்து வில்லையைத் தானே நகர்த்தும் கருவி ஒன்று வந்தது. இரண்டு நிமிடம் இருபது நொடியாயிற்று. முதலாளிக்கு மகிழ்ச்சி, எனக்கும்தான்.

அப்பாவுக்குக் கடலடியைப் பார்க்க ஆசை. ஒரு ஞாயிறு காலை, கூட்டம் சேருமுன் வரச் சொன்னேன். பட்டறையில் இரும்புத் துகள் தெறித்து இடக்கண் போய்ப் பதினோரு ஆண்டாகிறது. அங்கே இருப்பது செயற்கை விழி. அதன் மேலும் ஒளி மினுங்கும். ஆனால் அதன் பாவை வண்ணம் தீட்டியது. ஒளிக்குச் சுருங்காது, புள்ளியைச் சரியாகத் தொடராது. புதுக்கருவி வில்லையை முன்னும் பின்னும் நகர்த்தியது, கண்ணைக் காணோம் என்றது, மறுபடி நகர்த்தியது. மூன்று நிமிடம். அப்பாவோ கருவிக்குள் இருந்தபடியே, “விடுடா, பின்னாடி ஆளு நிக்குது பாரு” என்றார். பின்னால் ஒருவரும் இல்லை.

காளத்தியில் கண்ணப்பர் இரண்டாம் கண்ணைப் பெயர்க்கத் துணிந்தபோது, இடம் தவறாதிருக்கக் காலால் அடையாளம் வைத்தாராம். அவருக்குத் தோன்றிய அந்த ஏற்பாடு, இந்தக் கருவியைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லையே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. முடியாத காரியமா? விஷன் ப்ரோவில் ஒரே கண்ணைக் கொண்டு இயக்கும்படி அமைத்துக்கொள்ள வழி இருக்கிறது. எங்களிடம் இருந்ததில் பட்டியல் பட்டியலாகத் தேடியும் அந்த வழி தென்படவில்லை.

அலமாரியிலிருந்து பழைய கருவியை எடுத்தேன். உணரி நெற்றியைக் கண்டதும் திரை எரிந்தது. வில்லைகளை நானே திருகி வைத்தேன். ஒற்றைக் கண்ணில் ஆழம் அவ்வளவாகத் தெரியாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். “எனக்கு எல்லாமே அப்படித்தானேடா தெரியுது” என்று சிரித்தார். திமிங்கிலம் இடப்பக்கமாக வந்தபோது முழுத் தலையையும் திருப்பி அதைப் பார்த்தார். தெருவைக் கடக்கும்போது திரும்புவாரே, அதே போல. ஐந்து நிமிடம் முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னார். அதற்கும் காசு கொடுத்தார்.