முதலில் பெயரைக் கேள்

மரக்காணத்தில் ஐப்பசி மழை இறங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர். தை பிறந்து, சேறு வாரி, வரப்பு கட்டி, மறுபடி உப்புத்தண்ணீர் ஏற்றும்வரை அம்மாவுக்குக் கூலி கிடையாது. 2024-இல் அப்படி வேலை நின்ற அக்டோபர் மாதத்தில்தான், கடைத்தெருவில் இருக்கும் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில் தொழில் கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப்பும், கணினி அறிவியல் பட்டமும் என்னிடம் இருந்தன. ஆனால் ஒரு லேப்டாப்பின் அடிமூடியைக்கூட அதுவரை கழற்றிப் பார்த்ததில்லை.

முதல் நாள் கடை அண்ணா என் கையில் திருப்புளியைக் கொடுக்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார். "திரையில என்ன வந்துச்சோ அத அப்படியே எழுதும்மா. எரர் வந்துச்சுன்னு மட்டும் எழுதாத. என்ன எரர், என்ன நம்பர், அதுக்கு முன்னாடி நீ என்ன மாத்தின, எல்லாம் வேணும்" என்றார்.

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "விண்டோஸ் அப்படியே இருக்கட்டும், கூடவே லினக்ஸும் போட்டுக் கொடுங்க." புதுச்சேரிக்கும் திண்டிவனத்துக்கும் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு லேப் பாடத்துக்கு லினக்ஸ் வேண்டும், வீட்டில் அண்ணனுக்கு டேலி ஓட்ட விண்டோஸ் வேண்டும். இது எங்கள் மாநிலத்துக்குப் புதிதும் அல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வந்த கணினிகளிலேயே விண்டோசும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அப்போது இரண்டையும் அமைத்துக் கையில் கொடுத்தார்கள். இப்போது நாமே இரண்டாவதைப் போடும்போதுதான் டிரைவர் சிக்கல் வருகிறது.

டிரைவர் என்பது இயங்குதளத்துக்கும் கருவிக்கும் நடுவில் நின்று பேசும் நிரல். விண்டோசில் பல டிரைவர்களைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்க வேண்டியிருக்கும். லினக்ஸில் பெரும்பாலானவை அதன் உள்கருவான கெர்னலோடு சேர்ந்தே வரும். ஆனால் வைஃபை கார்டு போன்ற சில கருவிகளுக்கு டிரைவர் மட்டும் போதாது. அந்தக் கருவியின் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்ற கோப்பும் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு நான் முதல் மாதத்தில் வீணாக்கிய நேரம் கொஞ்சமல்ல.

முதலில் என்னிடம் வந்தது ஒரு விண்டோஸ் வேலை. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் முக்கோணம். பக்கத்தில் 'அறியப்படாத சாதனம்' என்று இருந்தது. எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் போட்டுத் தருவதாகச் சொல்லும் ஒரு மென்பொருளை இறக்கப் போனேன். அண்ணா என் கையைத் தடுத்தார். "பேரே தெரியாத ஆளுக்கு எந்த வீட்டுச் சாவியக் கொடுப்ப? முதல்ல பேரைக் கேளும்மா." அந்தச் சாதனத்தின் பண்புகளுக்குள் போய் 'ஹார்டுவேர் ஐடி' என்ற வரியைக் காட்டினார். அதில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது செய்த நிறுவனத்தைச் சொல்லும், இரண்டாவது எந்தச் சாதனம் என்று சொல்லும். 8086 என்றால் இன்டெல். 10இசி என்றால் ரியல்டெக். 14இ4 பிராட்காம், 10டிஇ என்விடியா. அன்று நோட்டில் எழுதிய இந்த நான்கும் இன்றும் எனக்குப் பாடம்.

எரர் எண்ணும் பேசும் என்று அடுத்துத் தெரிந்துகொண்டேன். கோடு 28 என்றால் டிரைவரே போடப்படவில்லை. கோடு 10 என்றால் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை. கோடு 43 என்றால் சாதனமே கோளாறு என்று தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. கோடு 52 என்றால் டிரைவரின் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை. இந்த நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. மஞ்சள் முக்கோணம் மட்டும் ஒன்றே.

லினக்ஸ் பக்கத்தில் அண்ணா மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்கச் சொன்னார். சாதனம் கணினியின் கண்ணுக்குத் தெரிகிறதா? தெரிந்தால், டிரைவர் அதைப் பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால், ஃபர்ம்வேரும் அனுமதியும் கிடைத்தனவா? முதல் இரண்டுக்கும் எல்.எஸ்.பி.சி.ஐ. என்ற கட்டளை பதில் சொல்லும். மூன்றாவதுக்கு, கெர்னல் எழுதிவைக்கும் பதிவைக் காட்டும் டி-மெசேஜ் கட்டளையில் தேட வேண்டும். "வரிசைய மாத்தாத. ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்தணும். ரெண்ட மாத்திட்டு சரியாயிடுச்சுன்னா, எதனால சரியாச்சுன்னு உனக்கே தெரியாது."

ஒரு மாணவியின் லேப்டாப்பில் லினக்ஸ் ஏறியது, வைஃபை மட்டும் வரவில்லை. பெயரைக் கேட்டேன்: 14இ4, பிராட்காம். டிரைவர் பிடித்திருக்கும் வரி இல்லை. பிராட்காமின் தனி டிரைவரை இணையத்திலிருந்து எடுக்க வேண்டும். இணையம் வர அதே டிரைவர் வேண்டும். அண்ணா தன் கைபேசியை யூ.எஸ்.பி. வயரில் செருகி டெதரிங்கைப் போட்டார். கைபேசியே வலையட்டையாக வந்து நின்றது. டிரைவர் இறங்கியது. அப்படியும் வைஃபை வரவில்லை. பதிவைப் படித்தால் காரணம் இருந்தது: செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்ததால், கையொப்பம் பதியாத அந்த டிரைவரைக் கெர்னல் ஏற்க மறுத்தது. டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டிருந்தது. மறுபடி இயக்கும்போது நீலத்திரை ஒன்று வரும். அதில் சாவியைப் பதிந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அந்தத் திரை பத்து விநாடிதான் காத்திருக்கும். நான் டீ வாங்கப் போயிருந்தபோது அது வந்து போய்விட்டிருந்தது. சாவியைப் பதிவு செய்ய மறுபடி கேட்டுக்கொண்டு, இந்த முறை திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வைஃபை வந்தது.

கடையில் ஐந்து பென்டிரைவ்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டித் தேதி எழுதியிருக்கும். அது எதற்கு என்றும் அந்த மாதம் புரிந்தது. பழைய டெபியன் 11 லினக்ஸ் பென்டிரைவிலிருந்து நிறுவினால் பல வைஃபை கார்டுகளுக்கு ஃபர்ம்வேர் கோப்பைத் தனியாகக் கொண்டுவரச் சொல்லும். 2022 அக்டோபரில் டெபியன் உருவாக்குநர்கள் வாக்கெடுப்பு நடத்தி, கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரையும் நிறுவும் வட்டிலேயே சேர்ப்பதென்று முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இலிருந்து அந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது. மூன்று மணி நேரம் போராட வைக்கிற ஒரு கோளாறு, சில நேரம் பென்டிரைவை மாற்றினாலே தீர்ந்துவிடுகிறது.

டிரைவர் அல்லாததையும் டிரைவர் என்று கொண்டுவருவார்கள். லினக்ஸ் போட்ட பிறகு விண்டோசில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்று ஒருவர் வந்தார். கணினியின் உள்கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொதுநேரத்தை வைக்கிறது; விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. நமக்கும் பொதுநேரத்துக்கும் உள்ள இடைவெளி ஐந்தரை மணி. லினக்ஸில் ஒரு கட்டளை கொடுத்ததும் சரியானது.

என் பெரிய தவறு நவம்பரில் நடந்தது. ஒரு லேப்டாப்பில் லினக்ஸ் நிறுவிக்கு வட்டே தெரியவில்லை. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் வட்டு 'ரெய்டு' முறையில் இருந்தது. அதை ஏ.எச்.சி.ஐ. என்று மாற்றினால் தெரியும் என்று படித்திருந்தேன். மாற்றினேன், தெரிந்தது, லினக்ஸும் ஏறியது. மறுநாள் காலை விண்டோசைத் திறந்தால் நீலத்திரை: தொடங்க வேண்டிய வட்டை அணுக முடியவில்லை. அந்த வட்டுக்குள் ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்கள் இருந்தன. என் கை நடுங்கியது.

அண்ணா திட்டவில்லை. பயாஸில் பழைய முறைக்கே மாற்றச் சொன்னார். விண்டோஸ் எழுந்தது. விண்டோசுக்குள் போய், அடுத்த முறை சேஃப் மோடில் எழும்படி கட்டளை கொடுக்கச் சொன்னார். அதன் பிறகு பயாஸில் ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றினோம். சேஃப் மோடில் எழுந்த விண்டோஸ் தனக்கு வேண்டிய வட்டு டிரைவரைத் தானே சேர்த்துக்கொண்டது. சேஃப் மோடு கட்டளையை நீக்கினோம். இரண்டு இயங்குதளமும் எழுந்தன. நான் செய்த வேலைதான், ஆனால் வரிசை வேறு. இதே சிக்கல் தலைகீழாகவும் வரும்: இன்டெல் 11-ஆம் தலைமுறை லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸ் நிறுவிக்கே வட்டு தெரியாது, இன்டெலின் வட்டு டிரைவரைப் பென்டிரைவில் வைத்து, நிறுவும்போதே ஏற்ற வேண்டும்.

அந்த லேப்டாப்பில் பிட்லாக்கர் பூட்டு இல்லை. இருந்திருந்தால் பயாஸை மாற்றியதும் 48 இலக்க மீட்புச்சாவியைக் கேட்டிருக்கும். அது இல்லாவிட்டால் படங்களைத் திறக்கவே முடியாமல் போயிருக்கலாம். அன்றிலிருந்து, வட்டில் கை வைக்கும் முன் அந்த 48 இலக்கத்தை வாடிக்கையாளரிடமே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கோப்புகளை வெளிவட்டில் நகல் எடுக்கிறேன். விண்டோசின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துகிறேன். அது இயங்கினால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. லினக்ஸிலிருந்து விண்டோஸ் இருக்கும் வட்டுப் பகுதியில் எழுதவும் முடியாது.

இரவு அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "தெப்பத்துல தேக்கின தண்ணிய நேரா உப்புப் பாத்தியில விட்டா உப்பா வரும்? பாத்தி பாத்தியா காஞ்சு 25 டிகிரி ஏறணும். அவசரப்பட்டா பாத்தியும் கெடும், தண்ணியும் கெடும்" என்றார். அந்த டிகிரி, உப்புத்தண்ணீரின் அடர்த்தியைக் காட்டும் மானியின் கணக்கு. அம்மா பள்ளிக்குப் போனதில்லை. அந்த மானியின் கோட்டை ஒரு நாளும் தவறாகப் படித்ததில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. உப்பளங்கள் ஏரிபோல் நின்றன. அடுத்த வாரம் கடைக்கு லேப்டாப்புகள் வந்தபடி இருந்தன. நனைந்தவற்றை யாரும் 'ஓடுதா பாக்கலாம்' என்று இயக்கிவிடாதபடி முதலில் பேட்டரியைக் கழற்றினோம். அந்தக் கூட்டத்தில் வந்த ஒன்று நனையவே இல்லை. அளத்தை ஒட்டிய வீட்டில் ஜன்னலோரம் இரண்டு வருடம் இருந்த லேப்டாப். விண்டோசிலும் வைஃபை இல்லை, புதிதாகப் போட்ட லினக்ஸிலும் இல்லை. நான் டிரைவரை மாற்றினேன், கெர்னலை மாற்றினேன், வேறு பென்டிரைவிலிருந்து மறுபடி நிறுவினேன். இரண்டு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் அண்ணா கேட்டார்: "பேரைக் கேட்டியா?" எல்.எஸ்.பி.சி.ஐ. கொடுத்தேன். வைஃபைக்கான வரியே இல்லை. பெயரே சொல்லாத சாதனத்துக்கு நான் இரண்டு நாளாக டிரைவர் தேடியிருக்கிறேன். பயாஸில் பார்த்தேன், வைஃபை அணைக்கப்படவில்லை. அடிமூடியைத் திறந்தேன். இரண்டு விரல் அகலம்கூட இல்லாத கார்டு, ஒரே ஒரு ஸ்க்ரூ, கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆன்டெனா வயர்கள். வயர்களைத் தூக்கி, ஸ்க்ரூவைக் கழற்றி, கார்டை உருவி விளக்கடியில் பிடித்தேன். பொன்னிறமாக இருக்க வேண்டிய பற்களில் பச்சைக் களிம்பு. கோயில் செம்புக் குடத்தில் பார்க்கிற அதே களிம்பு. மெல்லிய பொன்பூச்சு தேய்ந்த இடத்தில் உப்புக் காற்று செம்பைத் தின்றிருந்தது.

பென்சில் அழிக்கும் ரப்பரால் அந்தப் பற்களை ஒரே திசையில் மெல்லத் தேய்த்தேன். செருகும் வாயை மென்மையான பிரஷ்ஷில் ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைத்தேன். உலரவிட்டு, சாய்வாகச் செருகி, அழுத்தி, ஸ்க்ரூவை முடுக்கினேன். மறுபடி கட்டளை கொடுத்தேன். 10இசி என்ற எண்ணோடு ஒரு வரி திரையில் வந்தது. டிரைவர் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தது. அடுத்த நொடியே பிடித்துக்கொண்டது. அண்ணா நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தில் தேதியைப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த உப்புப் பருவம் தொடங்கியபோது நான் அளத்து வேலைக்குப் போகவில்லை. கடையிலேயே இருக்கிறேன். நோட்டு மூன்றாவதாகிவிட்டது. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்தவரை, டிரைவர் கோளாறு என்று வருகிறவற்றில் கடினமானது டிரைவரைத் தேடுவது அல்ல. எது கோளாறு என்று பொறுமையாகக் கேட்பது. கருவி இருக்கிறதா, டிரைவர் பிடித்ததா, அனுமதி கிடைத்ததா என்று வரிசை தவறாமல் கேட்டால் கணினி பெரும்பாலும் பதில் சொல்லிவிடுகிறது.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்பதால், நன்றாக ஓடும் எத்தனையோ பழைய லேப்டாப்புகளில் அது ஏறாது. அவற்றைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம். கோப்புகளை நகல் எடுங்கள், மீட்புச்சாவியைக் காகிதத்தில் எழுதுங்கள், பக்கத்தில் ஒரு லினக்ஸைப் போட்டுப் பாருங்கள். தமிழில் படிக்க 2012 முதல் வரும் 'கணியம்' இணைய இதழ் இருக்கிறது. எங்கள் மாவட்டத்திலேயே கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கடலோரத்தில் இருப்பவர்கள் மட்டும் இன்னொன்றும் செய்யுங்கள்: வைஃபை வரவில்லை என்றால் புது டிரைவரைத் தேடும் முன் அடிமூடியைத் திறந்து, கார்டில் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.